கொட்டாவிக்குப் பதில் வந்த பட்டம்

சேசு மரி சூசை துணை

கண்டரமாணிக்கம் வழி,
12-5-1969, திங்கள்

அன்பு மகன் சந்தியாகுவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவுக்கு உன்மேல் வந்திருக்கும் கோபமும் ஒரு குறையில்லாமல் சுகமாக இருக்கிறது. பிலாயில் உன் சுகத்துக்கும், நீ எழுதப்போகிற இலாகாப் பரீட்சைக்கும் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி யூஜினியாவின் கலியாணம் இம்மாதம் 28-ந் தேதி புதன்கிழமை காலைப் பூசையில். மாப்பிள்ளை காரைக்குடி ஞானசேகர்தான், மாறவில்லை. மாறிப்போக இருந்தது, அதைக் கீழே எழுதுகிறேன். கலியாணத்துக்கு நீ வர வேண்டாம் என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அதற்குக் காரணம் நீதான் என்பதால் நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி.

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது பரீட்சைக்கென்று ஒரு இங்கிலீஷ் சொல் புத்தகம் கொண்டுவந்தாய். மனிதரில் எத்தனை வகை உண்டோ அத்தனைக்கும் அதில் ஒரு வார்த்தை இருந்தது. மனப்பாடம் ஆக மாட்டேன் என்கிறது, ஆளுக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தால் மறக்காது என்று சொல்லித் தெருவில் ஒருவரை விடாமல் வைத்துப் பார்த்தாய். உனக்கு அது படிப்பு. நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதா சந்தியாகு? இங்கே ஞானஸ்நானம் வாங்குகிற ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் இஞ்ஞாசிமுத்து, மீதிப்பேர் சவரிமுத்து. நெட்டை, கிணத்தடி, சுருட்டு என்று ஆளுக்கொரு பட்டப்பெயர் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்புவார்கள். இப்படி ஒரு ஊரில் இங்கிலீஷில் பட்டம் சும்மா கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள். நீ ரயில் ஏறிப் போய்விட்டாய், வார்த்தைகள் இங்கேயே இறங்கிவிட்டன. டீக்கடை மாயக்கண்ணனுக்கு ஆப்டிமிஸ்ட் என்று கொடுத்தாய், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறவன் என்றாய். அவன் கடைப் பலகையில் ஆப்டிமிஸ்ட் டீ ஸ்டால் என்று பெயிண்டால் எழுதிவிட்டான். பாலில் தண்ணீர் மட்டும் அதே தண்ணீர், யாருக்கும் தெரியாது என்று இன்னமும் நம்புகிறான். தையற்காரர் கோட்டைச்சாமிக்கு இன்ட்ரோவர்ட், வாய் திறக்காத ஆள். இப்போது போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்துத் தான் ஏன் இன்ட்ரோவர்ட் என்று விளக்குகிறார், தைத்த ரவிக்கையை வாங்கிவர அரை நாள் ஆகிறது. கீரை விற்கிற கருப்பிக்கு எக்ஸ்ட்ரோவர்ட். அவள் முன்பும் சத்தமாகத்தான் பேசுவாள், இப்போது சர்க்கார் லைசென்ஸ் கொடுத்த மாதிரி பேசுகிறாள். எனக்கு பெஸிமிஸ்ட் என்று கொடுத்தாய், எதிலும் கெட்டதையே எதிர்பார்க்கிறவள் என்றாய். இந்தப் பட்டம் கொடுக்கிற வேலை நல்லதில் முடியாது என்று நான் அப்போதே நினைத்தேன்.

அப்பாவின் பழைய பட்டம் உனக்குத் தெரிந்ததுதான். நீ பிறப்பதற்கு முன்பு, சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியார் நம் கோவிலுக்கு வந்து பிரசங்கம் வைத்தபோது, ஊரே மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, இவர் விட்ட கொட்டாவி பீடம் வரை கேட்டது. மேற்றிராணியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அன்று முதல் கொட்டாவி இஞ்ஞாசிமுத்து. கலியாணப் பத்திரிகையிலிருந்து களத்தில் நெல் அளக்கிற கண்டுமுதல் கணக்கு வரை கொட்டாவிதான். நல்ல மனுஷர், உழைக்கிற மனுஷர், அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் முகம் சுண்டிப் போகும். கிறிஸ்துமஸ் அன்று அதிரசம் வேண்டாம், வயித்துக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்தார். நீ சிரித்துக்கொண்டு, அப்பா ஒரு ஹிப்போகிரிட் என்றாய். அப்படீன்னா என்னடா என்று கேட்டார். நீ தலையைச் சொறிந்துகொண்டு, அது பெரிய மனுஷங்களுக்கு இருக்குற ஒரு குணம்ப்பா என்றாய். இன்னொரு தடவை சொல்லு என்றார், சொன்னாய். மறுநாள் தொழுவத்தில் தனியாக நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார், நான் கேட்டேன், மாடும் கேட்டது. ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம் முடிவதற்குள் ஊரில் பாதிப்பேர் அவரை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடாதவர்களை அவரே திருத்தினார். இருபது வயது குறைந்த மாதிரி நடந்தார்.

இந்த நிலையில்தான் ஓலை வாசிக்கிற நாள் வந்தது. கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று. எந்த இஞ்ஞாசிமுத்து என்ற குழப்பம் வரக்கூடாது என்று நம் உபதேசியார் பட்டப்பெயரையும் சேர்த்தே வாசிப்பார். அப்பா முதல் நாளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீட்டுக்குப் போய், கொட்டாவியை எடுத்துவிட்டு மகன் கொடுத்த பட்டத்தைப் போடச் சொல்லி வந்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. உபதேசியாருக்கு லத்தீன் தலைகீழாகத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. பங்குச் சாமியாருக்குக் காது மந்தம். முதல் ஓலை கேட்க மாப்பிள்ளை வீட்டார் காரைக்குடியிலிருந்து வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை அற்புதம்மாளும் வந்திருந்தார். தாயில்லாத ஞானசேகரை வளர்த்தவர் அவர்தான், அந்த வீட்டில் அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. மதுரையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன பாடம் எடுத்தார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இங்கிலீஷ். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹிப்போகிரிட் இஞ்ஞாசிமுத்து மகள் யூஜினியாவுக்கும் என்று கோவில் அதிர வாசித்தார். அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். அற்புதம்மாள் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டார். உபதேசியார் அதே குரலில், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் என்று அடுத்த வரிக்குப் போனார்.

பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். இடியாப்பமும் கோழிக்குழம்பும் வைத்திருந்தேன். அற்புதம்மாள் இலையில் கை வைக்கவில்லை. ஏம்மா, பொண்ணோட அப்பாவைப் பத்தி கோவில்ல வச்சு ஊரே சேந்து எங்களுக்குச் சாடை சொல்லுறீகளா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. அப்பா முந்திக்கொண்டு, அது எம் மகன் குடுத்த பட்டம்மா, பிலாயில இரும்பு ஆலையில இருக்கான், புத்தகத்துலயே அச்சடிச்சு வந்திருக்கு என்றார். குரலில் அவ்வளவு பெருமை. அந்த அம்மா, அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்லுறீகளா என்றார். பெரிய மனுஷங்களுக்கு இருக்குற குணம் என்றார் அப்பா. பள்ளிக்கூடத்தில் இருந்தவர், தப்பான பதிலை அப்படியே விட மாட்டார். உள்ளுக்குள்ள ஒண்ணை வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசுற வேசக்காரனுக்கு அந்தப் பேரு, சேசுநாதர் பரிசேயரைத் திட்டுறாரே, அந்த வார்த்தைதான் அது என்றார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். நீ எதிரில் இருந்திருந்தால் இரும்பு ஆலை என்றும் பார்த்திருக்க மாட்டேன், கரண்டியாலேயே போட்டிருப்பேன்.

அற்புதம்மாள் விடவில்லை. சம்மந்தம் பண்ணுறவுகளுக்கு வாயும் மனசும் ஒண்ணா இருக்கணும், பெத்த மகனே அப்படிச் சொன்னான்னா காரணம் இல்லாம இருக்காது, அந்தக் காரணத்தைச் சொல்லுங்க, இல்லைன்னா ரெண்டாம் ஓலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா துண்டை மறுபடி விரித்தார். எனக்கு எதைச் சொன்னாலும் கெட்டதில்தான் முடியும் என்று தோன்றியதால் நானும் பேசவில்லை. யூஜினியா அடுப்படி வாசலில் முகம் வெளுத்து நின்றவள், வெளியே வந்து, எங்க அப்பா அப்படித்தாம்மா என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணன் பிலாய்க்குப் போனப்ப, போகட்டும், வீட்டுல ஒரு தொந்தரவு கொறஞ்சதுன்னு சொன்னாக, அன்னையிலருந்து சந்தைக்குச் சந்தை மாட்டுக்குக் கயிறு வாங்கணும்னு காரைக்குடிக்குப் போறாக, ஸ்டேஷன்ல நின்னு, அண்ணன் லீவுக்கு வர்ற மெட்ராஸ் வண்டி வந்து கடைசி ஆளு எறங்குற வரைக்கும் பாத்துட்டு, அதுக்குப் பெறகு ஒரு கயித்தை வாங்கிட்டு வாராக, தையல் கிளாசுக்குப் போறப்ப நானே பஸ்ஸிலருந்து பாத்திருக்கேன், நீங்களும் இங்குட்டு வந்து பாருங்க என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தொழுவத்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நம்மிடம் இருப்பது ஒரு ஜோடி மாடு. கயிறு உத்திரம் வரை கிடக்கிறது. மாடு அறுத்துப்போடுகிறது என்று என்னிடம் சொல்லிவந்தார், நம் மாடு எழுந்து நிற்பதே அபூர்வம், ஆனாலும் நான் நம்பியிருந்தேன். ஸ்டேஷன் விஷயம் எனக்கே அன்றுதான் தெரியும். அற்புதம்மாள் ஒரு கயிற்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். இடியாப்பம் ஆறிப்போச்சு, பரவாயில்ல, வைங்க என்றார். ரெண்டு வாய் சாப்பிட்ட பிறகு, உங்க மகன் வார்த்தையைச் சரியாத்தான் போட்டிருக்கான், ஓலையில மட்டும் வேண்டாம் என்றார். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்து குழம்பு ஊற்றினேன்.

எதை எடுத்துவிட்டு எதைப் போடுவது என்று உபதேசியாருக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஆகவே இரண்டாம் ஓலையில், முன்னர் கொட்டாவி என்றும் சென்ற வாரம் ஹிப்போகிரிட் என்றும் வாசிக்கப்பட்டு, தற்சமயம் பட்டம் ஏதும் இல்லாத இஞ்ஞாசிமுத்து மகள் என்று வாசித்தார். கோவிலே சிரித்தது. காது கேட்காத பங்குச் சாமியாரும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார். நேற்று மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று, தடை ஒன்றும் இல்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த நாளிலிருந்து யார் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. ஊரெல்லாம் சிரித்தது கூட இல்லை, பெற்ற பிள்ளை கொடுத்தது என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டாரே, அதுதான் அவருக்கு வலி. கலியாணத்துக்கு அவன் வர வேண்டாம், எம் மூஞ்சியில முழிக்க வேண்டாம்னு எழுது என்றார். மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கோவிலுக்கு அழைத்துவர மைத்துனன் வேண்டுமே என்று கேட்டேன். சித்தப்பா மகன் அந்தோணி அழைத்து வரட்டும் என்றார். பிறகு காகிதம், மை, உறை எல்லாம் அவரே போய் வாங்கி வந்தார். வர வேண்டாம்னு எழுத இம்புட்டுக் காகிதம் எதுக்கு என்றேன். தேதியைத் தெளிவா எழுது, கெழமையும் போடு என்றார். அந்தோணி போட்டுக்கொள்ள என்று கோட்டைச்சாமியிடம் ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். அளவுக்குக் கொடுத்தது உன் பழைய சட்டையை, இதைக் கோட்டைச்சாமி எனக்கு வெகுநேரம் விளக்கினார், அந்தோணிக்கு அது முழங்கால் வரை வரும். மேலறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். கேட்டால் எலி வருகிறது என்கிறார். சுண்ணாம்புக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்குச் சந்தை நாள், கயிறு வாங்கப் போயிருக்கிறார்.

பிலாயில் வெயில் நெருப்பாகக் கொட்டும் என்கிறார்கள், மோர் குடி, ஆலையிலிருந்து வந்த சூட்டோடு தலையில் தண்ணீர் ஊற்றாதே. பரீட்சைக்குப் படி, ஆனால் வார்த்தையை இனி மனிதர்மேல் வைத்துப் பார்க்காதே, மாட்டின்மேல் வை, அது ஓலையில் போடச் சொல்லாது. யூஜினியா உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நீ வந்தால் போதும் என்றாள். வர வேண்டாம் என்று அப்பா சொன்னதை இரண்டு இடத்தில் எழுதிவிட்டேன், என்மேல் குற்றம் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று நீயே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கிறாய், அதன் அர்த்தத்தை வைத்துப் பார்த்து நடந்துகொள். நான் பெஸிமிஸ்ட், உனக்கு லீவு கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். மேலறையில் பாய் போட்டு வைத்திருக்கிறேன்.

தேவமாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். 28-ந் தேதி, புதன்கிழமை, காலைப் பூசை.

உன் அம்மா,
மதலேனம்மாள்

அப்பா எழுதுவது. அம்மா எழுதியதை நான் படிக்கவில்லை. கயிறு உத்திரம் வரை இல்லை, பாதி உயரந்தான். நீ வர வேண்டாம். மெட்ராஸ் வண்டி இப்போது முன்னைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது, இன்றைக்கு ஸ்டேஷனில் விசாரித்தேன். புதுக்கோட்டையிலேயே விழித்துக்கொள், தூங்கினால் மானாமதுரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே.

இப்படிக்கு,
ஹிப்போகிரிட் இஞ்ஞாசிமுத்து