இரண்டு துண்டாய் ஒரு தைரியம்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டாலே எங்களுக்கு மீதி நலமும் வந்துவிடும். உன் அம்மாவைப் பற்றி ஒரு புகார். பிரெஞ்சு தவிர வேறெதுவும் தெரியாத சம்பந்தியம்மா போன் செய்தாலே சிக்னல் இல்லை என்று கையாட்டிவிட்டுக் குளியலறைக்குள் புகுந்துகொள்கிறவள், அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று நீ சொன்ன நாளிலிருந்து பிரெஞ்சு படிக்கிறாள். காய் நறுக்குகிற கையோடு வார்த்தையையும் நறுக்குகிறாள். மிக்க நன்றி சொல்ல மெர்-சி போ-கூ என்று அவள் ஆரம்பித்த அன்று, போ என்று என்னைத்தான் விரட்டுகிறாள் என நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டேன். இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து நின்றால் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துகொள்ளுமாம், ஒற்றை மெய் இரண்டு உயிருக்கு நடுவே மாட்டினால் பின்னால் வருகிற உயிரோடு போய்விடுமாம், நண்பருக்கு அ-மி என்பதுபோல. நம் பெண்ணும் அப்படித்தானே, நடுவில் நின்றாள், பின்னால் வந்தவரோடு போய்விட்டாள் என்றேன், முறைத்தாள். கடைசி எழுத்தைச் சொல்லாமல் விழுங்க வேண்டுமாம். மருந்துக்கடையில் பெட்டிமேல் அச்சடித்ததை ஓரெழுத்து விடாமல் படித்தே பிழைத்தவன் நான், எனக்கு மனசு வருமா?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போயிருந்த நேரம், சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தானாகவே வீடியோவில் கூப்பிட்டார். முகம் வெளுத்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. உன் அம்மாவுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. தைரியத்துக்கு என்ன வார்த்தை என்று என் பக்கம் திரும்பினாள், நானும் பெரிய மேதாவியாட்டம் அவள் நோட்டைப் பார்த்து எழுத்தைக் கூட்டி கவ்ரகே என்றேன். என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, நிதானமாக, கூ-ராஜ் என்று இரண்டு துண்டாகச் சொன்னாள். அந்தம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டாள் என்று எனக்கு உதறல். ஆனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து, கூ-ராஜ் என்று திருப்பிச் சொன்னார். அப்புறம் கேட்கவேண்டுமா, இவள் தமிழில் பயப்படாதீங்க சம்பந்தி, நாங்கல்லாம் இருக்கோம்ல என்கிறாள், அவர் பிரெஞ்சில் என்னவோ கொட்டுகிறார், நர்ஸ் வந்து போனைப் பிடுங்கும்வரை இரண்டு பேரும் ஓயவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் சம்பந்தியம்மா மாப்பிள்ளையை விட்டுவிட்டு உன் அம்மாவைத்தான் கேட்டாராமே. மாப்பிள்ளை மனசு கோணாமல் பார்த்துக்கொள். அந்தம்மாவுக்கு மாத்திரை வேளை தவறக்கூடாது, மாடிப்படி இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மா எழுந்து உட்கார்ந்ததும் போன் போட்டுக் கொடு, உன் அம்மா குளியலறைப் பக்கமே போகாமல் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
கிள்ளு வாங்கிய உன் அப்பா