துரை சாகாத ஆகஸ்ட்

17.7.1988, ஞாயிறு

சுதந்திர தின நாடக ஒத்திகை ஆரம்பம். ஏழாவது வருஷமாக நான்தான் வெள்ளைக்காரக் கலெக்டர். நெமிலிச்சேரியில் என்னைவிடச் சிவப்பாக ஆள் கிடையாதாம். கலெக்டரைச் சுடும் புரட்சிக்காரன் எங்கள் மன்றச் செயலாளர் ஜெயராமன் அண்ணன். கதைப்படி அவனுக்கு இருபது வயது. அண்ணனுக்கு நாற்பத்தாறு, தொப்பை தனி. நாடகத்தை எழுதியவரே அவர் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

ரயில் பெட்டியில் ஏறி என்னைச் சுடுவார். துப்பாக்கி மரக்கட்டை. திரைக்குப் பின்னால் ஒருவன் லட்சுமி வெடி கொளுத்துவான், நான் விழுவேன். அம்பத்தூரில் எட்டு மணி நேரம் லேத்தில் நின்றுவிட்டு வந்து சாவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

24.7.1988

பருத்திப்பட்டில் பெண் பார்த்தோம். நாகவல்லி. பிடித்திருக்கிறது. ரொம்பவே. காபி கொடுக்கும்போது, "போன வருசம் டிராமால பாத்தேன். தொப்பி நல்லா இருந்துச்சி" என்றாள். தொப்பி மட்டும்தானா?

அவள் அப்பா எத்திராஜ் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கேயே ஐ.என்.ஏ.வில் சேர்ந்து, பர்மா காட்டில் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு சண்டைக்குப் போனவர். எத்தனை பேரைச் சுட்டார் என்பதற்குப் பருத்திப்பட்டில் ஆளுக்கொரு கணக்கு. அவரைக் கேட்டால் மீசையைத் தடவுவாராம், அவ்வளவுதான்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளக்காரனா வேசம் கட்றது பரவால்ல. ஆனா குண்டு பட்டவன் அஞ்சு நிமிசம் உருண்டுகினே வசனம் பேசறியே, எந்தச் சண்டைல பாத்தே அத்த?"

கைதட்டல் வரும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"இந்த வருசமும் வந்து பாக்கறேன். ஒயுங்கா சாவு. அப்பால பொண்ணப் பத்திப் பேசலாம்."

பஸ்ஸில் அம்மா புலம்பிக்கொண்டே வந்தாள். "ஒலகத்துல எந்த மாமனாருனா மாப்ளைய செத்துக் காட்டச் சொல்லுவானா?"

2.8.1988

வீட்டில் செத்துப் பழகுகிறேன். "வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னாடா இது" என்று அம்மா விரட்டுகிறாள். கடைசி வசனம் முழுவதையும் வெட்டியாயிற்று. ஒரு 'ஆ', ஒரு விழுதல். முடிந்தது.

14.8.1988

மழை.

15.8.1988

எல்லாம் போச்சு.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. முன் வரிசையில் எத்திராஜ், பக்கத்தில் நாகவல்லி. அண்ணன் பெட்டியில் ஏறினார், குறி பார்த்தார், விசையை இழுத்தார். சத்தம் இல்லை. திரைக்குப் பின்னால் தீக்குச்சி உரசுவது மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"வுழுடா" என்று அண்ணன் பல்லைக் கடித்தார். எப்படி விழுவது? குண்டே படாமல் விழுந்தால் முன்னால் இருப்பவர் என்ன நினைப்பார்? அண்ணன் இன்னொரு தடவை விசையை இழுத்துப் பார்த்தார். பாவமாக இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இன்னா தம்பி, மருந்து நனைஞ்சிடுச்சா? எதுக்கு நின்னுகினே கீற? உக்காரு, காயட்டும்."

அதுவரை கலெக்டர் செந்தமிழ் பேசியவர். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட, அண்ணன் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

எத்திராஜ் சிரிக்கவில்லை. எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், போய்விட்டார். நாகவல்லி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள்.

செத்துப் போடான்னு ஒரே ஒரு வேல குடுத்தாங்க. அதுகூட எனக்கு வரல.

16.8.1988

லீவு போட்டேன். ஜெயராமன் அண்ணனும் போட்டிருப்பார்.

19.8.1988

வேலை விட்டு நெமிலிச்சேரியில் இறங்கினால், ஸ்டேஷன் பெஞ்சில் எத்திராஜ்.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். "உனுக்கு யாரு சொன்னா?"

"எது?"

"மருந்து நனைஞ்ச கத."

பிறகு அவரே சொன்னார். பர்மாவில் ஒரு மழை நாள். மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவன், பத்தடி தூரத்தில். இவர் விசையை இழுத்தார், டிக். அவன் இழுத்தான், அதுவும் டிக்.

"அவன் தமிழ்ல ஒரு கெட்ட வார்த்த சொன்னான் பாரு, எனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. ஊரக் கேட்டா பூந்தமல்லின்றான்."

மழை விடும்வரை இருவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்களாம். அவன் இரண்டு பிஸ்கட் கொடுத்தானாம். அப்புறம் அவன் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம்.

"அத்தோட சரி. நான் யாரையும் சுடல. எங்கூட வந்தவங்க எத்தினி பேரு காட்லயே பூட்டாங்க. நாப்பத்தி நாலு வருசமா இத்த ஊட்ல கூட சொன்னதில்ல. ஊர்ல கொடி ஏத்தச் சொல்றாங்க, ஏத்தறேன்." தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

யாரும் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது என்றேன். நம்பினாரா, தெரியவில்லை. ஒரு ரயில் வந்து போனது.

"தை மாசம் வெச்சிக்கலாம்" என்று எழுந்தார். "இத்த வெளில சொன்னே, கல்யாணம் கெடையாது."

யாரிடமும் சொல்லவில்லை. எழுதுவது சொல்வதில் சேராது.

15.8.1989

இந்த வருஷம் வெடி கொளுத்தும் பொறுப்பை மாமாவே கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டாளத்துக்காரர் கையில் இருந்தால் தப்பாது என்று ஜெயராமன் அண்ணனுக்கு ஏக சந்தோஷம். வெடிகளை மூன்று நாள் முறத்தில் பரப்பி மாமா வெயிலில் காயவைத்ததை நாகவல்லியே பார்த்திருக்கிறாள்.

அண்ணன் ஏறினார். குறி பார்த்தார். சாவதற்குத் தயாராக நின்றேன்.

சத்தம் இல்லை. தீக்குச்சி உரசும் சத்தம்கூட இல்லை. திரையை விலக்கிக்கொண்டு மாமா தலையை நீட்டினார்.

"மருந்து நனைஞ்சி போச்சி மாப்ளே" என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

பத்து நாளாக இந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை கிடையாது. அண்ணனுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். மாமாவுக்கு ஒன்று.