ஞாயிற்றுக்கிழமை வரை எழுதி வைத்த நோட்டு

மரியே வாழ்க

திண்டுக்கல்
11-9-2003, வியாழன்

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு உன் அப்பா அருளப்பன் தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் மாதா புண்ணியத்தில் சுகம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று உன் பதிலில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய், நான்தான் தாயி. ஜூன் மாதத்திலிருந்து வளர்கல்வி மையத்துக்குப் போகிறேன். அறுபத்தாறு வயதில் பென்சில் பிடித்து விரல் காய்த்துப்போயிருக்கிறது. போன வாரம் யாரையும் கேட்காமல் தாடிக்கொம்பு என்று போர்டைப் படித்து பஸ் ஏறினேன், அதைக் கண்டக்டரிடமும் சொன்னேன், சரி பெருசு அதுக்காக டிக்கெட் எடுக்காம இருக்க முடியாதுல்ல என்றார். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இங்கே குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்காமல் பீரோவில் வைத்து அழகு பார்க்கிறாள். தம்பி ஆனந்த்ராஜுக்கு மில்லில் ஷிப்ட் மாறிவிட்டது.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லி எழுத முடியாது. இத்தனை வருஷம் நான் சொல்லச் சொல்ல உனக்குக் கடிதம் எழுதியது பக்கத்து வீட்டுத் தையல்கார சண்முகவள்ளி. இனி சொல்லப்போவது அவளுக்கே நான் செய்த கெடுதல்.

தோல் பதனிடும் ஷாப்பில் வாட்ச்மேன் வேலை முடிந்த பிறகு, வெளியூர் போகிறவர்கள் வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேனே, முன்பெல்லாம் சாவியைக் கொடுத்து பத்திரமாப் பாத்துக்கங்க என்று சொல்வதோடு சரி. திரும்பி வரும்போது நாய் வாலை ஆட்டினால் போதும். இப்போது அப்படி இல்லை. உப்பில்லாத சோறு, இரண்டு வேளை நடை, நேரத்துக்கு மாத்திரை, இதெல்லாம்கூட நல்லதுதான், நான் ஒன்றையும் தவறவிட்டதில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பவித்ரா அம்மா, அந்த பாங்க் ஆபீசர் விக்னேஷ்குமார் வீட்டு அம்மா, கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, அவர்கள் நாய் பிங்கி என்ன சாப்பிட்டது எப்போது மாத்திரை கொடுத்தது என்று தினமும் எழுதி வையுங்கள் என்றார்கள். எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். முதல் இரண்டு நாள் சண்முகவள்ளி எழுதித் தந்தாள். மூன்றாம் நாள் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே, அண்ணே, தினமும் நோட்டைத் தூக்கிட்டு வராதீக, எனக்கும் சோலி இருக்கு என்றாள். நான்தான் அப்படின்னா வாரம் முழுக்க இப்பவே எழுதிக் குடுத்துரு என்றேன். அவள் யோசித்தாள், நான் விடவில்லை. நன்றாகச் சாப்பிட்டது, மாத்திரை கொடுத்தாச்சு, சந்தோஷமாக இருக்கிறது, இதையே ஏழு நாளைக்கும் எழுதினாள். பவித்ரா அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்து, எழுத்து முத்து முத்தா இருக்கு என்றார்கள். மற்ற வீட்டுக்காரர்களும் நோட்டுக் கொடுத்தார்கள். எல்லா வீட்டு நாயும் இரண்டு வருஷமாக ஏழு நாளும் சந்தோஷமாகவே இருந்தது.

இந்த மே மாதம் பவித்ரா அம்மா குடும்பத்தோடு கோயமுத்தூர் போனார்கள். வியாழக்கிழமை காலையில் பிங்கிக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், ஊசி போட்ட பிறகு கண்ணைத் திறந்தது. தோளில் சாத்திக்கொண்டு திரும்பி வந்தால் வீடு திறந்திருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அந்த அம்மா நோட்டைப் பிடித்துக்கொண்டு, ஏங்கய்யா இன்னைக்கு வியாழக்கிழமைதானே, ஞாயித்துக்கிழமை பிங்கி சந்தோசமா இருந்துச்சுன்னு இன்னைக்கே எப்படித் தெரியும் என்று கேட்டது. சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டது. அப்போதும் எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை, அதனால் சண்முகவள்ளியை எழுதச் சொன்னேன், அவள் என்னைக் கேட்காமல் மொத்தமாக எழுதிவிட்டாள் என்றேன். மறுநாளே தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியை எல்லாம் அந்த வீட்டிலிருந்து வந்து வாங்கிப் போய்விட்டார்கள். நீ பொய் எழுதுறவளாமே என்று தெருவில் நின்று கேட்டார்களாம். சண்முகவள்ளி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் வாசலில் நின்று, எம் பேரைச் சொல்லத் தெரிஞ்சுச்சுல்ல, அதை எழுதவும் படிங்க என்று சொல்லிப் போனாள். மறுநாள் மையத்தில் போய் உட்கார்ந்தேன். என் பேருக்கு முன்னால் அவள் பேரைத்தான் எழுதப் பழகினேன்.

போன வருஷம் நீ போனில் அழுதாயே, உன்னோடு வார்டில் நர்ஸாக இருந்த பெண் நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்காமலே சார்ட்டில் எழுதிவிட்டாள், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று. அப்படிப்பட்டவளை அனுப்பியது சரிதான் என்று நான் சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கு என் பையில் ஒரு நோட்டு இருந்தது தாயி. அதிலும் ஞாயிற்றுக்கிழமை வரை எழுதியிருந்தது.

இப்போது பேகம்பூர் அப்துல் ஜப்பார் பாய் வீட்டு லவ் பேர்ட்ஸைப் பார்த்துக்கொள்கிறேன். பச்சைக் குருவி தினை தின்னவில்லை, காரணம் தெரியவில்லை என்று நானே எழுதி வைத்தேன். பாய் வந்து படித்துவிட்டு, தின்னலைன்னும் எழுதியிருக்கீங்களே, இதைத்தான் பெரியவரே நம்பலாம் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

இன்று ஞாயிறு. மேலே உள்ளதை எழுதி முடிக்க இத்தனை நாள் ஆனது. நடுவில் பவித்ரா அம்மாவுக்கும் ஒரு தாள் எழுதினேன். எழுதியது சண்முகவள்ளி, மொத்தமாக எழுதச் சொன்னது நான், கண்ணில் கோளாறு இல்லை, எனக்கு எழுத்துத் தெரியாமல் இருந்தது என்று நாலே வரி. கூட வருகிறாயா என்று சண்முகவள்ளியைக் கேட்டேன். நான் வரலண்ணே, தாளைக் குடுத்துட்டு ஓடி வந்துராதீக, அவுக படிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கனயே நில்லுங்க என்றாள். நேற்றுப் போய் நின்றேன். நாலு வரியைப் படிக்க அவ்வளவு நேரமா என்று இருந்தது. பிங்கி வந்து என் காலை மோந்தது. அந்த அம்மா உள்ளே போய் இரண்டு ரவிக்கைத் துணியோடு வந்து, அவங்ககிட்டக் குடுங்க, நானே வந்து பேசுறேன்னு சொல்லுங்க என்றது. எனக்குச் சாவி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நீ தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும். அந்தப் பெண் எதற்குப் பயந்து அப்படி எழுதினாளோ, நான் கேட்காமலே பேசிவிட்டேன், அவள் விலாசம் இருந்தால் அனுப்பு. பதிலை எழுத்து எழுத்தாக இடம் விட்டு எழுது. இனி உன் கடிதத்தை நானே பிரித்துப் படிப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ச. அருளப்பன்
(இந்தக் கையெழுத்தும் நான் போட்டதே)