முன்னால் போகிறவனின் கண்ணாடி

ஜனவரி 21, செவ்வாய்

பனி. பத்து மணி வரை மலையே தெரியவில்லை. இன்றைய வேலை: செயினுக்கு எண்ணெய், பின் பிரேக் கட்டை மாற்றுவது, முழங்காலுக்கு மஞ்சள் பற்று.

முழங்கால் விஷயம். காலையில் சைக்கிளில் தனியாக மலை மேலே போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸைக் கூட முந்தியிருப்பேன், அந்த வேகம். ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். போகிற வண்டியெல்லாம் மேலே ஏறி மணி உதிர்த்துக் கொடுக்க வேண்டும், இவர்களுக்கு அடிக்கிற வேலை மிச்சம். தார் ரோடு போட்டது களம் பண்ணிக் கொடுக்கவா? செடி கூடப் பரவாயில்லை, அடியில் உதிர்ந்து கிடக்கிற கொள்ளு பால்ரஸ் குண்டு மாதிரி உருளும். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேறு எவனாக இருந்தாலும் மண்டை போயிருக்கும். நான் காற்றிலேயே உடம்பைத் திருப்பிப் புல்லில் விழுந்தேன்.

கொள்ளுக்காரி ஓடி வந்தாள். தூக்கிவிட வருகிறாள் என்று கையை நீட்டினேன்.

"யோவ், இம்மாம் பெருசா பரப்பி வெச்சிக்கீது, கண்ணு தெர்ல? பஸ்காரன் பாத்துதான் வர்றான், லாரிக்காரன் பாத்துதான் வர்றான். உனுக்கு இன்னா?"

"நானே லாரிக்காரன்தாம்மா."

"அப்ப லாரிலயே போ. மொதல்ல செதறுனத அள்ளிக் குடு."

அள்ளினேன். முட்டியில் ரத்தத்தோடு அள்ளினேன். இந்த மலைக்கும் ஆலங்காயத்துக்கும் ஆயுசெல்லாம் புளி லோடு அடித்தவனுக்கு இந்த மரியாதை.

வீட்டில் சொன்னது: கரடி குறுக்கே வந்தது, ஆள் உயரம், பெல் அடித்தேன், நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஜன. 22, புதன்

கரடி சமாச்சாரம் தெருவெல்லாம் போய், அக்கா மகள் பானு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியை ஆரம்பித்தவள் இவள்தான். எட்டுப் பேர். மலை ஏறி, டீ குடித்து, இறங்குவது. இறக்கத்தில் முன்னால் போகிறவன் நான். கல், குழி இருந்தால் கையைக் காட்டுவேன். நான் எந்தக் கோட்டில் வளைகிறேனோ அதே கோட்டில் பின்னால் அத்தனை பேரும். பாதையை என்னைவிடத் தெரிந்தவன் இன்னும் பிறக்கவில்லை.

பானு முட்டியைப் பார்த்தாள். பிறகு தெருக்கோடியைக் காட்டினாள்.

"அங்க இன்னா வருது மாமா?"

"வாணியம்பாடி பஸ்."

"பால் வண்டி மாமா அது."

"பஸ்ஸுக்கு முன்னாடி பால் வண்டி வருது. அத விட்டுட்டு பஸ்ஸைச் சொன்னேன்."

"பஸ்ஸே வரல மாமா. கண்ணாடி போடற வரைக்கும் நீங்க கடைசில வாங்க. சேகர் அண்ணன் முன்னாடி போவட்டும்."

சேகர் கணியம்பாடிக்காரன். சைக்கிள் வாங்கியதே போன வருஷம். ராத்திரி சாப்பிடவில்லை. கோபத்தில் பசி இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு கொஞ்சம் சாப்பிட்டேன்.

ஜன. 23, வியாழன்

வாணியம்பாடி. கண்ணாடிக்கடை பாய். சுவரில் எழுத்து அட்டை. கடைசி வரி வரை சரளமாகப் படித்தேன், அடியில் அச்சகத்தின் பெயர் உட்பட. பாய் நம்பவில்லை. ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று உயிரை எடுத்தார். கடைசியில் தூரமும் போச்சு, கிட்டமும் போச்சு என்கிறார். அவர் மிஷினில் கோளாறு இருக்கும்.

"ஒரே கண்ணாடில ரெண்டும் வெச்சித் தரேன் அண்ணே. மேல தூரம், கீழ கிட்டம். நடுவுல கோடே தெரியாது. பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் இதான் போடறாங்க."

ஆபீசர் என்றதும் சரி என்றேன். மெல்லிய தங்கக் கலர் பிரேம். என் மூக்குக்கு எடுப்பு என்று பாயே சொன்னார்.

ஜன. 26, ஞாயிறு

கடைசி. நான். கடைசி.

பின்னால் போகிறவனுக்குக் கிடைப்பது: முன்னால் உள்ளவர்கள் கிளப்பும் புழுதி, டீக்கடையில் ஆறிப்போன போண்டா, "மாமா வர்றாரா பாருங்க" என்கிற குரல். சேகர் கண்ணாடியோ ரசம் பூசின கன்னங்கருப்பு. வெயிலில் ராஜா. மரநிழலுக்குள் போனதும் கண் தெரியாமல் நிழலுக்கு நிழல் பிரேக். எட்டு சைக்கிளும் ஒன்றன் மேல் ஒன்று இடிக்காதது என் புண்ணியம்.

இறங்கினதும் கேட்டேன், "இன்னா தம்பி, கண்ணு கட்டி ஓட்டறியா?"

"கூலிங் கிளாஸ் அண்ணே. புடிச்சுப் போட்டேன்."

"காட்டுக்குள்ள இன்னா கூலிங்?"

பானு சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். அது தெரிந்ததே, கண் போச்சாம்.

ஜன. 28, செவ்வாய்

பனி குறைவு. கண்ணாடி வந்தது. உடனே மலைக்கு.

ஏற்றத்தில் மெதுவாகத்தானே மிதிக்க முடியும், காற்று இல்லை, வியர்வை ஆவி முழுக்கக் கண்ணாடியில். துடைத்துத் துடைத்துத் துண்டே ஈரம். சரி, பொறுத்தேன்.

இறக்கம்தான் அநியாயம். ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்தால் தலை கீழே, கண் மேலே. தூரத்தைப் பார்க்கப் போனால் பிரேமுக்கு மேலே வெறும் காற்று வழியாகப் பார்க்கிறேன், பழையபடி மங்கல். சக்கரத்துக்கு முன்னால் ரோட்டைப் பார்த்தால் அது புத்தகம் படிக்கிற அடிப்பாகம். தார் எழும்பி மூஞ்சிக்கு வருகிறது. குழி இல்லாத இடத்தில் குழி. கண்ணில் தண்ணீர் வேறு.

இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். இந்த மலையில், நான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பார்த்தவர்களிடம் பஞ்சர் என்றேன். ஒருத்தன் நிறுத்தி டயரை அழுத்திப் பார்த்தான். ஊரான் டயரில் இவனுக்கு என்ன வேலை.

ஜன. 29, புதன்

பஸ் மேலே சைக்கிளை ஏற்றிக்கொண்டு வா.பாடி. நேராகக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"இன்னா அண்ணே, கண்ணாடிக்கடைல சைக்கிளு?"

"நீ நாற்காலில உக்கார வெச்சி அளவு எடுத்த பாய். நான் நாற்காலிலயா மலை எறங்கறேன்? இப்ப எடு."

ஏறி உட்கார்ந்தேன். ஒரு கை கவுண்டரில், ஒரு கை ஹேண்டிலில், இறக்கத்தில் குனிகிற மாதிரியே குனிந்தேன். பாய் தரையில் குந்தி என் கண்ணைப் பார்த்தார். பேனாவால் கண்ணாடியில் புள்ளி வைத்தார். புள்ளி பிரேமின் மேல் விளிம்பில் விழுந்தது.

"யா அல்லா" என்றார். பிறகு உடனே, "நீங்க சைக்கிள்னு சொல்லவே இல்லயே அண்ணே."

"சொன்னேன்."

"கரடியத்தான சொன்னீங்க."

ஒருமணி நேரம் சண்டை. இனி எல்லாக் கடையிலும் என்னைப் பார்த்துத்தான் சைக்கிளை உள்ளே விடுவார்கள்.

பார்த்தவை:

கண்ணுக்குள் ஒட்டும் லென்ஸ். சேகர் போனில் சிபாரிசு. ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த விரலுக்கு அது அடங்கவில்லை. ஒரு கண்ணில் பாயே வைத்தார். பேன் காற்றுக்கே உறுத்தல், இறக்கத்துக் காற்றுக்கு என்ன ஆகும். புழுதி உள்ளே போனால் நடுமலையில் எடுப்பது யார். வேண்டாம்.

பெரிய கண்ணாடிக்கு உள்ளே பவர் துண்டு மாட்டுவது. இமை இடித்தது. ஆவி இரண்டு மடங்கு. வேண்டாம்.

வெயிலில் தானாகக் கருப்பது. நல்லதுதான். ஆனால் நிழலுக்குள் போனதும் வெளுக்க நேரம் எடுக்கும் என்று பாயே ஒப்புக்கொண்டார். அதற்குள் வளைவு வந்துவிடும்.

முடிவு: முகத்தைச் சுற்றி வளைந்த பிரேம். தூரத்துக்கு மட்டும் பவர். பிரேமை மேலே ஏற்றி உட்காரவைக்கும் ரப்பர் மூக்கு. ஓரத்தில் காற்றுக்குச் சந்து. லேசான பழுப்பு, நிழலிலும் தெரியும். போன் பார்க்கச் சட்டைப்பையில் தனிக் கண்ணாடி. முழுக்க என் யோசனை. பாய் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

பிப். 2, ஞாயிறு

வெயில். காற்று இல்லை. நேற்று கண்ணாடி வந்தாயிற்று.

பானு தள்ளிப் போய் நின்று விரலைக் காட்டி எத்தனை என்றாள். சொன்னேன்.

"நெயில் பாலிஷ் பேந்துகீது, அதையும் சொல்லட்டா?"

சிரித்துவிட்டாள். "சரி, முன்னாடி போங்க மாமா."

சேகர் சைக்கிளைப் பின்னால் தள்ளிக்கொண்டான். வேறு வழி ஏது.

ஏற்றத்தில் ஆவி இல்லை. புளிய இலை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. எதிர்ப்பக்கத்து மலையில் மேயும் ஆட்டின் காது வரை பார்த்தேன். டீக்கடையில் இரண்டு டீ. இறக்கம். நான் முன்னால், பின்னால் பானு, அப்புறம் மற்றவர்கள்.

பாறை வளைவு. வலப்பக்கம் திரும்பும், இடப்பக்கம் பள்ளம். அங்கே நான் பிரேக்கே பிடிக்க மாட்டேன். இடுப்பு உயரத்துக்குக் கல் சுவர், வெள்ளையடித்தது, அதை ஒட்டியே இடது ஓரமாக வளைந்தால் வேகம் குறையாது. கோஷ்டி முழுசுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தது நான்.

சுவர் இல்லை.

அந்தக் கடைசியில் ஒரு கல் முண்டு, இந்தக் கடைசியில் ஒரு கல் முண்டு. நடுவில் காய்ந்த புல், சுவர் உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று. அதற்குக் கீழே மரங்களின் உச்சி.

கையைத் தூக்கினேன். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின்னால் எல்லாருடைய பிரேக்கும் கத்தியது.

"இன்னா மாமா?"

"செயின்."

குனிந்து பார்த்தாள். செயின் இருந்த இடத்தில் இருந்தது.

"நீ முன்னால போ."

"நீங்கதான மாமா கேட்டு..."

"போன்னா போ. உள்பக்கமா போ. மெதுவா."

போனாள். எல்லாரும் உள்பக்கமாகவே போனார்கள். நான் கடைசியாக இறங்கினேன், தள்ளிக்கொண்டு. யாரிடமும் பஞ்சர் என்று சொல்லவில்லை.

சுவர் இருந்தது. என் லாரி காலத்தில் இருந்தது. புளி லோடோடு ஒருமுறை அதில் உரசியிருக்கிறேன். எந்த மழையில் சரிந்தது, எவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்? நாளைக்கே ரோட்டுக்காரர்களைப் போய்க் கேட்கிறேன். சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன். ஒரு கல் நட முடியாதா, ஒரு தகரம் வைக்க முடியாதா.

பானு எப்போதும் என் பின் சக்கரத்தை விட்டு ஒரு முழம் விலகமாட்டாள். நான் எங்கே மிதித்தேனோ அங்கேயே மிதித்து வருவாள்.