சிப்பாய் நடைக்கு ஒரு யூஃபோனியம்

மே 6

ஷிப்ட் முடிந்து நேராகப் பயிற்சிக்குப் போனேன். நாள் முழுக்க மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்ததில் கண்ணை மூடினாலும் வெள்ளைப் புள்ளிகள். மாதா கோயில் பள்ளிக்கூட ஹாலில் ஒரு மின்விசிறிதான் ஓடியது.

கன்னியப்பன் மாஸ்டர் இசைத்தாள் ஜெராக்ஸ் கட்டோடு உட்கார்ந்திருந்தார். போலீஸ் பேண்டில் ஓய்வு பெற்று, இப்போது எங்கள் கோயில் பேண்டை மேய்க்கிறவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த ஊரில் இருந்த சிப்பாய்ப் படையின் பேண்டு வாசித்த நடை இசையாம். பிரான்சில் ஏதோ நூலகத்திலிருந்து யாரோ வரவழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சு தேசிய நாளுக்கு முந்தின இரவு, ஜூலை பதின்மூன்று விளக்கு ஊர்வலத்தில், கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும்.

"அந்தக் காலத்து வாத்தியம் ஒண்ணுகூட நம்மகிட்ட இல்ல. இருக்கிறத வச்சித்தான் ஊதணும்" என்றார்.

நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. மேளம் அடங்கிவிடும். டிரம்பெட்டும் ஒரு அடிக்குரல் வாத்தியமும் மட்டும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். அந்த அடிக்குரல் வாத்தியத்தை இப்போது யாரும் வாசிப்பதில்லை. கனத்த குரலுள்ள பித்தளைக் குழல், யூஃபோனியத்தைப் போட்டால் சரியாக இருக்கும் என்றார் மாஸ்டர்.

யூஃபோனியம்னு சொன்னதும் யாரும் என் பக்கம் திரும்பலை. திரும்பாம இருக்கணும்னு இருந்தாங்க. அதான் தெரிஞ்சுபோச்சு.

மே 7

என் வீட்டுக்காரர் ரிச்சர்ட் தன் யூஃபோனியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு பிரான்சுக்குப் போய் ஏழு வருடம். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அவர் அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வழியில் இவருக்கும் அந்த நாட்டு நேஷனாலிட்டி. துலூஸ் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை.

பேண்டில்தான் பழகினோம். கல்யாணப் பேச்சும் பேண்டில்தான் நடந்தது. கிளம்பும்போது "நான் போய் ஒரு எடம் பார்த்துட்டு உன்ன கூப்டுக்கிறேன்" என்றார். கூப்பிடவும் செய்தார். அப்போது அம்மா படுக்கையில் இருந்தாள். என்னால் போக முடியவில்லை. இப்போது அம்மாவும் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை. பிறகு ஏன் இந்த மூலக்குளத்து வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்?

அங்கே போனால் நான் ரிச்சர்ட் பெண்சாதி. இங்கே முதல் டிரம்பெட். இதை யாரிடம் சொல்வது?

மே 18

தொடக்கத்துப் பகுதி முழுக்க வால்வு இல்லாத கொம்புக்கு எழுதியது. விரலுக்கு வேலையே இல்லை, எல்லாம் உதடுதான். என் டிரம்பெட்டிலும் வால்வைத் தொடாமலே ஊதிப் பார்த்தேன். ஒரு சுரம் மட்டும் தன் இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

"அக்கா, அந்த நோட்டு எறங்கி நிக்குது. வால்வ அமுக்கிடுங்க, சரியாயிடும்" என்றான் ஹாதி. செல்போன் கடை வைத்திருக்கிறான், இரண்டாம் டிரம்பெட். காது ரொம்பக் கூர்மை.

"அவங்ககிட்ட அமுக்க வால்வே கெடையாதுடா" என்றார் மாஸ்டர். "அது அப்படித்தான் கேட்டிருக்கும். உனக்குத்தான் தப்பா படுது."

அமுக்கியும் ஊதினேன், அமுக்காமலும் ஊதினேன். அமுக்கினால் சுத்தமாக இருந்தது. ஆனால் அமுக்காததுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மே 25

ரிச்சர்ட் கூப்பிட்டார். வழக்கம்போல சாப்பாடு, மழை, ரேஷன் கார்டு. பேச ஒன்றும் மிச்சமில்லாதபோது இந்த நடை இசையைப் பற்றிச் சொன்னேன்.

"யூஃபோனியம் யாரு?"

"யாரும் இல்லங்க."

"ஜூலைல லீவு கேட்டுப் பாக்குறேன்."

மே 26

கேட்பாரா?

ஜூன் 8

இன்று பள்ளி மைதானத்தில் நடந்துகொண்டே வாசித்தோம். பாதியிலேயே மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னா இது, கல்யாண ஊர்வலம் மாதிரி ஓடுறீங்க? அவனுங்க மூட்டையும் துப்பாக்கியும் தூக்கிகினு வெயில்ல நடந்தவனுங்க. அவங்களுதவிட நம்ம புதுக் கொழலுக்கு சத்தமும் ஜாஸ்தி. தரையைப் பார்த்து ஊதுங்க."

ஆளுக்கொரு வாத்தியப் பெட்டியை முதுகில் கட்டிக்கொள்ளச் சொன்னார். சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டோம். இரண்டு சுற்று நடந்ததும் வேகம் தானாக இறங்கியது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இதை ஜெயித்துவிட்டு வருகிறவர்களின் நடை என்றுதான் நினைத்திருந்தேன். மெதுவாக நடக்கும்போதுதான் புரிந்தது. வீட்டை நினைத்துக்கொண்டே தூரமாய்ப் போகிறவர்களின் நடை இது.

ஜூன் 12

லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட்டும் போட்டுவிட்டாராம்! யூஃபோனியத்தை எடுத்துத் துடைத்து, வால்வுகளுக்கு எண்ணெய் விட்டேன். ஒன்று இறுகிப் போயிருந்தது. மெல்ல மெல்ல அசைந்து கொடுத்தது.

ஜூன் 29

வந்துவிட்டார். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன், அவரோ என் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். முன்நெற்றி ஏறிவிட்டது. என்னைப் பார்த்து "எளச்சிட்ட" என்றார். நான் இளைக்கவே இல்லை.

ஜூலை 2

இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. காலையில் நடக்கப் போகிறார், மீன் வாங்கி வருகிறார். கடைக்காரரிடம் வாய் தவறி மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். பயிற்சிக்குக் கூப்பிட்டால் நாளைக்கு என்கிறார். ஹாதி, "மாமா எப்போக்கா வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் என்ன சொல்ல?

ஜூலை 5

எனக்கே பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து கட்டிலில் வைத்தேன். "ஊதுங்க" என்றேன்.

ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். ஒரு சுரம் தலையைக் காட்டிவிட்டு உடைந்தது. ஒரு காலத்தில் இவர் ஊதி முடிக்கும்வரை கோயில் மணியே நிற்கும் என்று கேலி பேசுவார்கள்.

"லிப் போயிடுச்சு, செல்வி."

"அங்க ஒண்ணு வாங்கிக்கலியா?"

"மொத வருஷம் ஒருத்தர்கிட்ட எரவல் வாங்கி ஊதுனேன். சுவரு அட்டை மாதிரி இருக்கும் அங்க. பக்கத்து வீட்டம்மா வந்து கதவத் தட்டிச்சி. மரியாதையாத்தான் சொல்லிச்சி. மறுநாளே திருப்பிக் குடுத்துட்டேன். அதோட சரி."

மறந்துட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேனே. ஏழு வருஷமா அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

ஜூலை 10

தினமும் ஊதுகிறார். கீழ்ச் சுரங்கள் வந்துவிட்டன. மேலே ஏறும்போது உதடு நடுங்குகிறது. மாஸ்டர் அவருக்கு அவருடைய பழைய இடத்தையே கொடுத்தார்.

திரும்பி வரும்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். "இந்த தடவையாவது சொல்லிடு. வர்றியா, இல்லியா? இல்லன்னாலும் சொல்லிடு. நான் கோவிச்சிக்க மாட்டேன்."

"நீங்க இங்க வந்துடலாமே?"

"வந்து? மறுபடியும் சேதராப்பட்டு கம்பெனி வாசல்ல போய் வேலை கேட்டு நிக்கவா? இந்த வயசுலயா?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவர் வண்டியை மறுபடி கிளப்பினார்.

ஜூலை 13

கை இன்னும் சூடாகவே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நல்ல காற்று. குழந்தைகள் குச்சியில் காகித விளக்குகளோடு முன்னே போனார்கள். நாங்கள் பின்னால், தரையைப் பார்த்து ஊதிக்கொண்டு, மெதுவாக. இறங்கி நிற்கும் அந்தச் சுரத்தை வால்வைத் தொடாமலே ஊதினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

நடுப்பகுதி வந்தது. மேளம் அடங்கியது. என் வரி முடிந்து ரிச்சர்ட் ஆரம்பித்தார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். வரி மேலே ஏறும் இடத்தில் உதடு கைவிட்டுவிட்டது. காற்றுச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. எல்லாருடைய காலடியும் கேட்டது.

யோசிக்க நேரமில்லை. ஹாதியைப் பார்த்தேன். புரிந்துகொண்டு என் வரியை அவன் எடுத்தான். நான் ரிச்சர்டின் வரியை எடுத்தேன். யூஃபோனியத்தின் கனம் டிரம்பெட்டில் எங்கே வரும்? ஆனாலும் வழி தெரிந்தது. அவர் போவதற்கு முன் பக்கத்தில் நின்று கேட்ட மாதிரியான வரிகள்தானே. அவர் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுபடி அதே பகுதி திரும்பி வந்தபோது, எனக்குக் கீழே ஏதோ கேட்டது. உதடு தாங்குகிற கீழ்ச் சுரங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். ஒரே வரியை இரண்டு பேரும் ஊதினோம். தப்புதான். எழுதியிருப்பது அப்படி இல்லை. மாஸ்டர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் இருவரும் கடலோரப் பாறைகள் மேல் போய் உட்கார்ந்தோம். ரிச்சர்ட் சொன்னார்: "அங்க எங்க போனாலும் தனியாத்தான் நடப்பேன். பழகிடுச்சின்னு நெனச்சிட்டிருந்தேன், செல்வி. பழகல."

ஜூலை 20

அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். என்னை மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளே போகிறவர் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். வரிசை நகர்ந்துவிட்டது, பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேனோ?

ஆகஸ்ட் 3

வீடு பூராவும் அமைதி. அவர் இல்லாத ஏழு வருடத்தில் இப்படி இருந்ததில்லை. வந்துவிட்டுப் போனதால்தான்.

ஆகஸ்ட் 17

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு மாஸ்டரிடம் சொன்னேன். "இனிமே முதல் பாகத்த ஹாதிக்குக் குடுங்க மாஸ்டர். நான் ரெண்டாவது ஊதி அவனுக்குப் பழக்கிவிடுறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்போம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"விசாவுக்குக் காகிதமெல்லாம் ஆகணும். வருஷக் கடைசிக்குள்ள."

வீட்டுக்கு வந்து ரிச்சர்டைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சளியா?" என்றேன். "ஆமா" என்றார்.

நவம்பர் 16

வியாழக்கிழமை விமானம். துணியெல்லாம் அடுக்கியாயிற்று. சாவியை மேல்வீட்டு ஜெயம் அக்காவிடம் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்தால், ஹாலில் சிப்பாய் நடை. இத்தனை வருடத்தில் எங்கள் பேண்டை நான் வெளியில் நின்று கேட்டதே இல்லை. நடுவில் உட்கார்ந்து கேட்பது வேறு. தெருவிலிருந்து கேட்டால் எல்லா வாத்தியமும் ஒன்றாகி, ஒரே குரலாக வருகிறது. என்னுடையது இல்லாமலே அது முழுசாக இருந்தது. ஹாதி ஒரு இடத்தில் தடுக்கி, சமாளித்துக்கொண்டான். என் விரல்கள் கைப்பை மேல் அசைந்துகொண்டிருந்தன.

கோயில் வாசலில் பூ விற்கும் அஞ்சலாட்சி கேட்டாள்: "இன்னாக்கா, உங்க ஆளுங்கதானே வாசிக்கிறாங்க? உள்ள போகல?"

"நேரமாயிடுச்சி" என்றேன்.

நேரமெல்லாம் ஆகவில்லை. அவர்கள் வாசித்து முடித்து, நாற்காலிகளை மடக்கிப் போடுகிற சத்தம் வரும்வரைக்கும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.