கறிவேப்பிலையை மென்றவன்

திங்கள், காலை 8.10
கண்டெடுப்பவருக்கு வணக்கம். ஒன்பதாவது மாடி, பெருங்குடி. எழுதுபவன் இளவழகன், பூச்சியியல் ஆய்வாளன். பெயரில் இளமையும் அழகும் உண்டு, தலையில் முடிகூட இல்லை.

பால்கனிக் கறிவேப்பிலைச் செடியில் வெள்ளிநிறக் குட்டி அந்துப்பூச்சிகள், குருணை அளவு. அவற்றின் புழு இலையின் இரு தோலுக்கும் நடுவே தின்றுகொண்டே நகர்கிறது; இலைமேல் வளைந்த வெள்ளைக் கோடு. எலுமிச்சை இலைத்துளைப்பான் என்று நினைத்தேன். இல்லை, புது இனம்! அதற்கு என் பெயரை வைக்கும் ஆசையில் கட்டடக் காவல் எந்திரத்திடம் முந்திரிக்கொட்டைபோல உளறினேன். புது உயிரினம் என்றதும் அது வாசற்கதவையும் பால்கனியின் வெளிக்கண்ணாடியையும் பூட்டிவிட்டது. பூச்சி செடியை மட்டுமே தின்கிறது என்று நான் சான்று சொன்னால் திறக்கும். வேறெதையாவது என்றால் நிரந்தர அடைப்பு. சில நாள் கவனிக்காமல் சான்று சொல்ல மாட்டேன். நல்லவேளை, மனைவி குமுதினி தங்கை வீட்டில் இருக்கிறாள்.

புதன், பகல் 12.30
இண்டர்காமில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சகாயராஜ்: "சார், லிஃப்ட்ல பூரா உங்க பேச்சுதான். நீங்க பாம்பு வளக்கிறீங்கன்னு பக்கத்து வீட்டு மேடம் சொல்றாங்க." அந்த மேடம் தன் கணவரைத் திட்டுவது சுவர் வழியே எனக்குக் கேட்கிறது. பாம்பு எந்த வீட்டில் என்று நான் சொல்லவில்லை.

செடியைப் பிடுங்கிப் பையில் இறுகக் கட்டியாயிற்று. ஆனாலும் ஹாலில் புதிய அந்துகள். இலையே இல்லாத வீட்டில் எதைத் தின்று வளர்கின்றன?

வியாழன், மாலை 4.45
முழங்கையின் உள்பக்கம் வளைந்த வெள்ளைக் கோடு. காலையில் பாதிதான் இருந்தது. வலி, அரிப்பு எதுவும் இல்லை. என்ன நாகரிகமான புழு!

குமுதினிக்குப் போன் செய்தேன்.
"உன் கையில கோடு ஏதாவது இருக்கா? ஞாயித்துக்கிழமை ஒரே தயிர் சாதந்தான சாப்பிட்டோம்?"
"ஒண்ணுமில்லையே. ஏங்க?"
"பச்சைக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டியே, அதைத் தின்னியா?"
"நான் என்னைக்கு அதத் தின்னிருக்கேன்? தட்டு ஓரத்துல ஒதுக்கிட்டேன். முடி வளரும்னு நீங்கதான என்னோடதையும் எடுத்து மென்னீங்க!"

ஆம். நன்றாக மென்றிருக்கலாம்.

வெள்ளி, காலை 10.20
கோடு கழுத்துக்கு வந்துவிட்டது. குளிக்கையில் தோளிலிருந்து ஓர் அந்து பறந்தது. குமுதினி கதவுக்கு வெளியே நிற்கிறாள், இண்டர்காமில் கூப்பிடுகிறாள்: "செடின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. ஆஸ்பத்திரில பாத்துக்கலாம்."

ஒரே வார்த்தை. கதவு திறக்கும். அவள் முதலில் என் கையைத்தான் பிடிப்பாள். அவளுக்குப் பின்னால் லிஃப்ட், தெரு, ஊர்.

எந்திரம் கேட்டது: "பூச்சியின் உணவு?"
"மனிதன்" என்றேன்.

தாழ்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

வெள்ளி, 10.40
"ஏங்க, என்னமோ சத்தம் கேட்டுச்சே. செடின்னுதான சொன்னீங்க?"
"ஆமா. எந்திரம் யோசிக்குது, அரசாங்க ஆபீஸ் மாதிரி. நீ போயி இட்லி சாப்பிட்டு வா."
"உங்களுக்கு வடை?"
"ரெண்டு."

போகிறாள். செருப்புச் சத்தம் கேட்கிறவரை எழுதுகிறேன். இடது கண்ணில் எழுத்துகள் வளைகின்றன, வெள்ளையாக ஏதோ குறுக்கே

இன்னும் கேட்கிறது

இன்னும்