கணக்குப்பிள்ளை மாமாவை முதலில் பார்த்தவள்

சங்கரன்கோவில்
28-5-1979

அன்புள்ள மகள் சுப்புலட்சுமிக்கு அம்மா எழுதுகிறேன். கோமதி அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கடிதத்தில் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். உன் அத்தையும் சுகம் என்று நாலு இடத்தில் எழுதியிருந்தாய், அதையும் பார்த்தோம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. உன் சித்தப்பா மகன் காசிக்கு மின்சார வாரியத்தில் வேலை கிடைத்து ராயகிரியில் போட்டிருக்கிறார்கள், இனி அவனுக்கும் பெண் பார்க்க வேண்டும். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இனி என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன்.

மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய தமிழ்ப் படம் போடுகிறார்கள், அத்தையும் நீயும் போகிறீர்கள் என்று எழுதினாய், நல்லதுதான். ஆனால் கணக்குப்பிள்ளை மாமாவைத் திரையில் முதலில் பார்க்கிறவள் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ள வேண்டும் என்கிற விளையாட்டை அவர்களுக்கு ஏன் சொல்லிக்கொடுத்தாய்? அது நம்முடையது இல்லையா? நீ பாவாடை கட்டிய காலத்தில் பெண்கள் பெஞ்சில் என் மடியில் உட்கார்ந்திருப்பாய், கொட்டகையே கதாநாயகனைப் பார்த்துக்கொண்டிருக்க நாம் இரண்டு பேர் மட்டும் அந்த ஒல்லிக் கழுத்து மனுஷனைத் தேடிக்கொண்டிருப்போம். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது, எழுத்துப் போடும் நேரத்தில் நாம் என்றைக்கு உள்ளே இருந்திருக்கிறோம். முதலில் ஜமீன் கணக்குப்பிள்ளையாகப் பார்த்ததால் கணக்குப்பிள்ளை மாமா என்று நீதான் பேர் வைத்தாய். பிறகு டாக்டராக வந்தார், பூசாரியாக வந்தார், கதாநாயகிக்கு அப்பாவாக வந்தார், எதுவாக வந்தாலும் இடைவேளைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போவார். தோற்றவள் தன் முறுக்கைக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவிடம்கூட இதை நாம் சொன்னதில்லை. இப்போது பார்த்தால் அத்தை முதுகை வைத்தே அவரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அம்மாவைவிட வேகம் என்று எனக்கே எழுதுகிறாய். எனக்குப் பொறாமைதான் சுப்பு, மறைப்பானேன். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், அப்பா கேட்டதற்கு உங்கள் சம்பந்தியிடம் போய்க் கேளுங்கள் என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பா சிரித்தார்கள். யாரோ ஒரு சினிமாக்காரனுக்காவ சம்பந்தியோட மல்லுக்கு நிக்கியே, உனக்கு என்ன கிறுக்கா என்றார்கள்.

போன வாரம் பார்த்ததாக நீ எழுதிய அந்த ரயில் படம் இங்கேயும் வந்தது. விளம்பரத் தட்டி கட்டிய அன்றே தனியாகக் கிளம்பிவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் வேஷத்தில், கொடியும் கையுமாக, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பார்த்த மாத்திரத்தில் கையை நீட்டிக் கிள்ளிவிட்டேன். நீ பக்கத்தில் இல்லை என்பதே மறந்துபோயிற்று. கிள்ளு வாங்கியது புளியங்குடி எலுமிச்சை வியாபாரி வீட்டு அம்மா, கதீஜம்மாள் என்று பேர், என்னைவிட மூத்தவர்கள். “என்ன தாயி, எதுக்கு இந்தக் கிள்ளு கிள்ளுதிய?” என்று கேட்டார்கள், எனக்கு மானமே போயிற்று. வேறு வழியில்லாமல் விளையாட்டைச் சொன்னேன். அவர்கள் கையைத் தடவிக்கொண்டே சிரித்து, அப்பம் இனி நானும் பாக்கேன் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆகக்கூடி நானும் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். படிக்கும்போது உனக்குச் சுருக்கென்று இருக்கிறதா? இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேள். மாமா ரயிலடியில் செத்துப்போகிறார், அதோடு அவர் கதை முடிந்தது என்று எழுதியிருந்தாய். முடியவில்லை. கடைசிக் கல்யாணத்தில் தாடி ஒட்டித் தலைப்பாகை கட்டிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆள் குறைந்ததோ என்னவோ, செத்தவரையே இலையில் உட்காரவைத்துவிட்டார்கள். கவளத்தை வாயில் வைப்பதற்கு முன்னால் கழுத்தை ஒரு தரம் நீட்டுவாரே, அதை நான் மறப்பேனா? கதீஜம்மாளுக்கு இரண்டாவது கிள்ளும் விழுந்தது. முதுகை வைத்துக் கண்டுபிடிக்கிற உன் அத்தைக்கு முகம் தெரியவில்லையே. எந்த வரிசை, எந்த இலை என்று எழுதமாட்டேன், நேரில் வந்தால் காட்டுவேன்.

படத்தோடு போயிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அத்தை கிள்ளின நேரத்தில் பிள்ளை முதல் தரமாக உதைத்தது, அத்தை கை வைத்துப் பார்த்துப் பூரித்துப்போனார்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அத்தையும் இருக்கிறார்கள், பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதை அப்பாவிடம் படித்துக்காட்ட எனக்கு நாக்கு எழவில்லை. தலைப்பிரசவத்துக்கு மகள் வராத வீட்டில் தாய் என்று நான் எதற்கு இருக்கிறேன்? அந்தப் பிள்ளை மேல் என் கை இன்னும் படவில்லை சுப்பு, அவர்கள் கை பட்டுவிட்டது. உன் அத்தை, எனக்கு மதினி முறை, நல்லவர்கள்தான், அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

ஆனிக் கடைசியில் அப்பா வந்து உன்னைக் கூட்டிவருவார்கள், மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவை. மதினியையும் கூப்பிட்டு எழுது என்று அப்பாதான் சொன்னார்கள். யோசித்து யோசித்துப் பார்த்தேன், சரி, அவர்களும் வரட்டும். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அதே படத்தைத் திரும்பப் போடுவோம் என்று கொட்டகையில் சொல்லியிருக்கிறார்கள், எல்லோரும் போவோம். மதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் நீ. யார் முதலில் பார்த்தாலும் உன்னைக் கிள்ளுவது நான்தான்.

தண்ணீர்க் குடம் தூக்காதே, மாடிப்படியில் பார்த்து இறங்கு, வாய் கசந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொள். சங்கரலிங்க சாமியும் கோமதி அம்மனும் உங்கள் மூன்று பேருக்கும் துணையிருக்கட்டும். கோவில் புற்றுமண் ஒரு பொட்டலம் இதோடு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வயிற்றில் பூசிக்கொள். நீயே பூசிக்கொள், வேறு யார் கையும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
முத்துத்தாய்